இரவுநேர டேட்டா

பகல் டேட்டா பதினைந்தாம் திகதியே முடிந்துவிட்டது.
நள்ளிரவிலிருந்து காலை ஏழு மணிவரை
நாற்பது ஜிபி மிச்சம்.
இரவுக்கொரு லினக்ஸ் இறக்குகிறேன்.

கந்தோரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
மின்ட், என்கிறாள் பஸ்மிலா. "கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ."
டெபியன் போட்டால் சாகும்வரை தொடத் தேவையில்லை
என்கிறான் நிரோஷன். அவனுக்கு இருபத்தாறு வயசு.
பம்பலப்பிட்டிக் கடைக்காரப் பெடியன் மூடியைத் தட்டிப் பார்த்து,
"புதுசு வாங்குங்க மிஸ்" என்றான்.
வாங்கலாம். மூன்று மாதச் சம்பளம்.

பன்னிரண்டு வருஷத்து லாப்டொப். கடல்காற்றுக்கு
யூஎஸ்பி துளை ஒன்று துருப்பிடித்துச் செத்தது.
மற்றதில் பென்ட்ரைவைச்
சாய்த்துப் பிடித்தால் மட்டும் எழும்பும்.

'நிறுவாமல் முயன்று பார்' என்கிறது திரை.
வெள்ளவத்தையில் எந்த அனெக்ஸ்காரரும்
அப்படிச் சொன்னதில்லை:
ஒரு கிழமை இருந்து பாருங்கோ,
அட்வான்ஸைப் பிறகு கதைப்பம் என்று.

இருந்து பார்த்தேன்.
ஒன்றில் வைஃபை இல்லை. ஒன்றில் சத்தம் வரவில்லை.
ஒன்று வடிவு, ஆனால் மூச்சு வாங்கியது.
ஆர்ச் கறுப்புத் திரையில் ஒரு கோட்டைச் சிமிட்டியபடி
நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அணைத்தேன்.

ஐந்தாம் இரவு, களைத்துப்போய்,
மின்டிலேயே 'நிறுவு' என்பதை அமத்தினேன்.

மொழி கேட்டது. தமிழ் இருந்தது,
யாரோ பாதி பெயர்த்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனமாதிரி.
எங்கே இருக்கிறீர்கள் என்று உலகப் படத்தைக் காட்டியது.
கடுகளவு தீவைத் தொட்டேன்.
கொழும்பு என்று தானே எழுதிக்கொண்டது.

அடுத்த பக்கம்:
நீங்கள் யார்?

விரலை எடுத்துவிட்டேன்.
இதே தெருவில், லொட்ஜ் மனேஜர்
இந்தக் கேள்வியை மூன்று பிரதியில் எழுதுவித்துப்
பொலிசுக்குக் கொண்டுபோவார்.
சொந்த ஊர். வந்த காரணம். திரும்பும் திகதி.
அப்ப எனக்குப் பத்தொன்பது.
திரும்பும் திகதிக்கு ஒவ்வொரு முறையும்
ஒரு புதுப் பொய் எழுதினேன்.

இது காரணம் கேட்கவில்லை.
யசோதினி என்றேன், சரி என்றது.
கணினிக்கும் ஒரு பெயர் வேண்டுமாம்.
நண்டு என்று அடித்தேன்.
அதுக்கும் சரி.

தொண்ணூற்று மூன்று வீதத்தில் பட்டை நின்றது.
முதல் ரயில் கோட்டைப் பக்கம் போக
கட்டில், மேசை, ஜன்னல் எல்லாம் அதிர்ந்தன.
பென்ட்ரைவை இரண்டு விரலால்
அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.