நாற்பது சொல்

பலகையில் நாற்பது சொல்தான் பிடிக்கும் என்றார்
மாநகராட்சி உதவிப் பொறியாளர்.
“நடை நேரம் காலை ஐந்து முதல் ஒன்பது வரை”
ஏழைத் தின்றுவிட்டது.
“நாய்களுக்கு அனுமதி இல்லை” மூன்று.
மிச்சம் முப்பதில்
கொருக்குப்பேட்டை ஏழாம் நம்பர் சைடிங் வரலாறு,
வெள்ளிக்கிழமைக்குள்.

நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன்.
காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி,
மூன்றுக்கும் ஒரே ரோஜாப்பூ ஃபைல்.
எனக்குத் தெரிந்த வரலாறு
போட்டோவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தேதி:
தோற்றம். மறைவு.

தோற்றம் சுலபமாகக் கிடைத்தது.
கால்வாய் ஓரத்து உடைந்த பாலக் கல்லில்
1911 என்று செதுக்கியிருக்கிறது.
மேலே யாரோ வறட்டி தட்டியிருந்தார்கள்,
சுரண்டிப் பார்த்தேன்.

மறைவில்தான் தகராறு.

எண்ணெய் மில்லு மூடின அன்னிக்கே செத்துடுச்சு
என்றார் டைம்கீப்பர் தணிகாசலம்.
அதற்கப்புறமும் எட்டு வருஷம்
கோதுமை வேகன் வந்ததாம்.
சாக்கின் தையலில் குத்தூசியால் ஒரு குத்து,
முந்தானையில் அரைப்படி.
“எங்க வூட்டு சப்பாத்தி எல்லாம் கவர்மெண்டு சப்பாத்தி”
என்று சிரித்த தேசம்மாவுக்கு
அது செத்தது தொண்ணூத்தி ரெண்டு,
பொங்கலுக்கு மறுநாள்.

டில்லிபாபு கணக்கு வேறு.
தண்டவாளத்தை கேஸ் கட்டரில் அறுத்த ராத்திரி.
யார் அறுத்தது என்று கேட்டேன்.
டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

ரயில்வே கடிதத்தில் அது சாகவே இல்லை,
“தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.”

ஏகவல்லியைப் போனில்தான் பிடிக்க முடிந்தது.
பெரும்பாக்கம், எட்டாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர்.
நடைபாதை போடக் கதவு கதவாகச்
சிவப்பு நம்பர் எழுதினார்களே,
அவள் வீடு அறுபத்தி மூணு.
இப்போது அங்கே
தொப்பை குறைக்கிற இரும்பு மிஷின் நிற்கிறது.
தேதி கேட்டேன்.
அவள் சிமியோனைப் பற்றிச் சொன்னாள்.

சிமியோன் கொடிக்காரர்.
இஞ்சினுக்குப் பத்தடி முன்னால் நடப்பார்,
கையில் பச்சைக் கொடி, வாயில் பீடி.
வீடுகளுக்கு நடுவே வண்டி
மனுஷன் நடக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாதென்று உத்தரவு.
கட்டில எடு, அடுப்ப எடு,
ஏகவல்லி, புள்ளைய எடுடீ!
துணிக்கொடி அவிழும், கோழி பறக்கும்,
குழம்புச் சட்டி கொதிக்கக் கொதிக்க உள்ளே போகும்.
முப்பது வேகன்
அவர் முதுகையே பார்த்துக்கொண்டு
மாடு மாதிரி பின்னால் வரும்.
கடைசி வேகன் தாண்டியதும்
அடுப்பு மறுபடி
தண்டவாளத்துக்கு நடுவில்,
நெருப்பு அணையாமல்.

ஒருநாள் சிமியோன் மட்டும் வந்தாராம்.
ரிட்டையராக மூணு மாசம் பாக்கி,
பின்னால் இஞ்சின் இல்லை.
டூட்டி என்றால் டூட்டி.
அவர் கத்தினார்,
இவர்கள் எடுத்தார்கள்.
சிரித்துக்கொண்டேதான். ஆனாலும் எடுத்தார்கள்.
“அதான் கடைசியான்னு கேட்டா
நான் என்னாத்த சொல்றது தம்பி,
அடுத்த நாளும் வந்தாரே.”

இந்த வழியில் முதலில் நடந்தவர் சிமியோன்
என்று ஆரம்பித்து
சரியாக முப்பது சொல் கொடுத்தேன்.
பொறியாளர் அடித்துவிட்டு
“பாரம்பரியம்” இரண்டு தடவை,
“ஆரோக்கியம்” ஒரு தடவை போட்டார்.
பலகைக்குக் குழி தோண்டும்போது
சாண் நீளத்துக்குத் துருவேறிய ஆணி ஒன்று வந்தது.
தோண்டினவர் கையில் எடை பார்த்து
லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

இன்று காலை ஐந்தரை.
செல்போனில் அடி எண்ணுகிற ஒருவர்,
சர்க்கரை முந்நூறைத் தாண்டிய இரண்டு பேர்,
எல்லாரும் மனுஷன் நடக்கிற வேகத்தில்.
அறுபத்தி மூணு கிட்ட வந்ததும்
பாதையின் நடுவை விட்டு
கொஞ்சம் சுற்றிப் போனேன்.
பின்னால் வந்த பெரியவர் கேட்டார்,
“டைல்ஸ் வழுக்குதா?”