மற்றும் ஒருவர்

வரைபடம் என் மேஜைமேல்தான் கிடக்கிறது.
பீடம் ஐந்தடி, குப்பம் கறுப்புக் கல்.
சுற்றிலும் சங்கிலி வேண்டும் என்கிறார் தலைவர்,
வேண்டாம், ஆடு கட்டுவார்கள் என்கிறார் செயலாளர்.
எத்திராஜம்மாவுக்குச் சிலை.
நகரி நகராட்சி, தீர்மானம் எண் அறுபத்து மூன்று.
நிதி: பின்னர்.

பல்கலைக்கழக வாசலுக்கு வலப்புறம் நாயுடு நிற்கிறார்
முப்பது வருஷமாய், விரல் நீட்டி.
விரல் காட்டும் திசையில் இப்போது
ஒரு செல்போன் கடை.

இடப்புறம் அவளுக்கு.
அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று
யாருக்கும் தெரியவில்லை.
ஸ்தபதி மூன்று முறை போன் செய்துவிட்டார்.
இந்த ஊரில் மலைக்கே மூக்கு உண்டு,
ரயிலில் வருகிறவன் ஜன்னலிலிருந்து கைகாட்டும் மூக்கு.
இவளுக்கு இருப்பதெல்லாம்
திறப்புவிழா போட்டோவில்
சட்டம் வெட்டிய பாதித் தோள்,
ஒரு சாவிக்கொத்து.

தானப் பத்திரத்தின் அசல்
புத்தூர் பேங்கில் அடமானத்தில் இருந்தது. போனேன்.
பெறுபவர்: வேங்கடசுப்பு நாயுடு மற்றும் ஒருவர்.
எல்லாம் தெலுங்கில்.
கடைசிப் பக்கத்தில் தமிழில்
அந்த ஒருவரின் கையெழுத்து,
முழுப்பெயர், இனிஷியலோடு.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கமும் புடைத்திருந்தது.

பீடத்தில் என்ன பொறிப்பது?
'இணை நிறுவனர்' என்றார் துணைவேந்தர்.
முதலில் தெலுங்கா, தமிழா என்பதில்
இரண்டு கூட்டம் போயிற்று.
டீச்செலவு நானூற்று இருபது.
'இணை'யைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மணியடிக்கும் முனிரத்தினத்தைக் கேட்டேன்:
அதென்ன, மூன்று ஐம்பதுக்குக் கடைசி மணி?
எந்த ஊரிலும் இல்லாத கணக்கு?
'பழைய ஆர்டர் சார்.'
ஆர்டர் பீரோவில் இருந்தது, அதே அழுத்தமான கையில்:
நாலு பத்துக்குப் பள்ளிப்பட்டு பஸ்.
அதை விட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள்
படிப்பை விடுவார்கள்.

அந்த பஸ் நின்று பதினெட்டு வருஷம்.
மணி நிற்கவில்லை.
மூன்று ஐம்பதுக்கு இன்றைக்கும்
ஏழாயிரம் பேர் எழுந்திருக்கிறார்கள்,
ஏனென்று தெரியாமல்.
பெஞ்சு இழுபடும் சத்தம்
ரயில்வே கேட் வரை கேட்கும்.

எஸ்டிமேட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
பீடத்துக்குப் பின்னால் நிழற்கூரை,
இருபது பேர் பஸ்ஸுக்குக் காத்திருக்க.
'பஸ் ஏது?' என்று
சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கிறது.

மூக்குக்கான கட்டம் இன்னும் காலி.
மணி மூன்று நாற்பத்தெட்டு.
பேனாவை மூடி வைக்கிறேன்.