எழுபத்தைந்து கிலோ

கணக்குக் கேட்கிறார்கள்.
உணவுக்கூடக் கையிருப்பில்
கல்லுப்பு மூன்று மூட்டை குறைகிறது.
குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போட வாங்கியது.
காரணம் எழுதப் படிவத்தில்
ஒரே ஒரு வரி இடம்.

ஓஸ்கெமெனில் அன்று காலைதான் முதல் பனி.
இர்த்திஷ் ஆறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
மூன்றாம் கடைசல் எந்திரத்தின் கீழே
மக்னீசியச் சுருள்கள்
முடிதிருத்தும் கடைத் தரைபோல.
பெருக்க வேண்டிய தாலிப்ஜான்
மகளின் பல்வலிக்காக அரைநாள் விடுப்பு.
மழுங்கிய உளியை மாற்றச் சொல்லி
இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று.
அது உரசியது.
ஒரு பொறி.

கட்டியாக இருக்கும்வரை
லேசில் பற்றாது இந்த உலோகம்.
சூட்டை உடம்பெல்லாம் பகிர்ந்துகொண்டு
சும்மா கிடக்கும்.
சீவிச் சுருளாக்கிவிட்டால்
வேறு ஆள்.
வெளிச்சுற்றில் இரண்டே எலக்ட்ரான்,
அவற்றை யார் தலையிலாவது கட்டிவிட
அத்தனை அவசரம்.

வெளிச்சம் என்று சொல்லக் கூசுகிறது.
கண்ணை மூடினேன், வெள்ளை.
கையால் பொத்தினேன்,
அப்போதும் வெள்ளை.

யெஃபீம் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து
கரியமில வாயுவைப் பீய்ச்சினான்.
தீ அதையும் தின்றது.
ஆக்சிஜனை உருவிக்கொண்டு
கரியை மட்டும் துப்பியது.
அவன் வாசலுக்கு ஓடினான்,
மண்வாரி நிறையப் பனியோடு திரும்பினான்.
சமையலறையிலிருந்து வந்த ரௌசா
அவன் முழங்கையில் கரண்டியால் அடித்தாள்.
"தண்ணீர்டா அது!"

பதினோரு வருடம் வார்ப்பறையில் நின்றவள்.
நெஞ்சு கெட்ட பிறகுதான் கரண்டி பிடித்தாள்.
அந்தப் பனி விழுந்திருந்தால்
அதன் ஆக்சிஜனையும் பறித்துக்கொண்டு
ஹைட்ரஜனை அவிழ்த்து விட்டிருக்கும்.
கூரை போயிருக்கும்.
கூரைக்குக் கீழே நாங்கள் ஒன்பது பேர்.

மணல், மணல் என்று கத்தினோம்.
வெளியே பச்சைப் பெட்டி.
மூடியைத் தூக்கினால்
உள்ளே ஒற்றைப் பாறை.
விரிசல் வழியே செப்டம்பர் மழை இறங்கி
மணலோடு மணலாய் உறைந்திருந்தது.

பிறகுதான் உப்பு.
வீசக் கூடாது என்றாள், வீசினால் சிதறும்.
நீளக் காம்பு மண்வாரியில்
ஓரத்திலிருந்து நடுவுக்கு,
தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலப் பரப்பினோம்.
உப்பு உருகியது.
உருகி, கூடி, தோலாய்ப் படிந்து
காற்றுக்குக் கதவடைத்தது.
மூன்றாவது மூட்டை முடிகையில்
எந்திரத்தின் நிறம் எனக்கு மறுபடி தெரிந்தது.
யாரும் கிளறாதே, என்றாள் ரௌசா.
உள்ளே விடியும்வரை
கங்கு கண்விழித்திருந்தது.

அன்று குப்பைக்குத்தான் உப்பு,
பண்டத்துக்கு இல்லை.
சப்பென்ற சூப்பை
ஒருவரும் குறை சொல்லாமல் குடித்தோம்.

நான்காம் நாள் சாம்பலில் ஈரம் பட்டு
அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது.
காற்றிலிருந்த நைட்ரஜனைக்கூட
அது விட்டுவைக்கவில்லை.
மிச்சமெல்லாம் வெள்ளைப் பொடி.
வயிற்றெரிச்சலுக்கு யெஃபீம் குடிக்கும் பாலில்
இருப்பதும் ஏறக்குறைய இதுதானாம்.
சொன்னதிலிருந்து புட்டியைத் தொடுவதில்லை.

தாலிப்ஜானுக்கு ஓலை போயிருக்கிறது.
உளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
என்னிடம் கேட்பது உப்பை மட்டும்தான்.

அலமாரியில் இன்னொரு ஏடு இருக்கிறது.
செப்டம்பர் பத்தொன்பது, மணல்பெட்டிச் சோதனை.
"உலர்ந்துள்ளது."
கீழே கையெழுத்து.
அன்று மழை தூறிக்கொண்டிருந்தது,
புதுப் பச்சை வண்ணம் பளபளத்தது,
நான் ஜன்னலிலிருந்தே பார்த்து
டிக் செய்தேன்.

குல்பார்ஷின் அகிம்பெக்கோவா.
நீளமான பெயர்.
காரணத்துக்கு விட்ட ஒரு வரியில்
அதை எழுதினேன்.
வேறெதற்கும் இடமில்லை.