டொக்

கிளட்சை விட்டதும் ஒரு டொக்.
ரிவர்ஸிலிருந்து ஒண்ணுக்கு வந்தால் இன்னொன்று.
ஃபோர்வீல் லீவரை எடுத்துவிட்டுப் பார்த்தேன்,
அப்போதும்.
கப்பலூரில் கிராஸை மாற்றச் சொன்னார்கள்.
கழற்றியதில் துருப்பொடி
மிளகாய்த்தூள் மாதிரி கொட்டியது.
இதுதான் என்று நம்பினேன்.
நத்தம் மேட்டில், மாங்காய் லோடோடு, மறுபடி
டொக்.

கிரவுன் பினியன் போச்சு என்றார் ஒருவர்.
விலையைக் கேட்டுவிட்டு ஒரு வாரம்
ரேடியோவைச் சத்தமாக வைத்து ஓட்டினேன்.

ஒத்தக்கடை நாகூர்கனி சாவியை வாங்கிக்கொண்டார்.
"ஓட்டுனது போதும். கீழ படுங்க."
சக்கரங்களுக்குக் கல் கொடுத்து
அவர் கியரை முன்னும் பின்னும் போட,
பதினோரு வருஷம் மேலேயே உட்கார்ந்திருந்த நான்
பார்த்தேன்:
பின் ஆக்ஸில், தூக்கத்தில் புரளும் ஆள் போல,
பட்டைக்கடியில் லேசாகத் திரும்பிப் படுத்தது.

வலப்பக்க யூ கிளாம்பு. நாலு நட்டும் லூஸ்.
நீளப் பைப்பைச் செருகி முறுக்கினார்.
"நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, திரும்ப முறுக்கணும்.
கிராஸுக்குக் கொடுத்த காச மறந்துருங்க."

மேலூர் ரோட்டில் ரேடியோவை அணைத்தேன்.
ஒண்ணு. ரெண்டு. மூணு.
ஒன்றுமில்லை.
நரசிங்கம்பட்டி தாண்டியதும்
இடது கதவுக்குள் ஏதோ
கிச், கிச்.