நிழல் அளவு

புதுவயலில் பத்து மணிக்கே
ஆலைக்களத்து சிமெண்டு வெள்ளையாய் எரியும்.
மேலிருந்து இறங்குவது ஒரு வெயில்.
தரையில் பட்டு எழும்பி
மோவாய்க்குக் கீழே வந்து பிடிப்பது இன்னொன்று.
தொப்பிக்குத் தெரிந்தது முதல் வெயில் மட்டும்தான்.

அவித்த நெல்லைப் பலகையால் இழுத்துக்கொண்டு போவார் சாத்தையா.
அவர் பின்னால் வரிவரியாய் நெல் புரண்டு படுக்கும்.
ஒரு பக்கமே காயக்கூடாதென்று
நெல்லை அரைமணிக்கொரு தரம் புரட்டத் தெரிந்த மனிதர்
தன் பிடரியை இருபது வருஷமாய்
ஒரே வாக்கில் காயவிட்டிருக்கிறார்.

மாசியில் காதுமடலில் ஒரு செதில்.
கொசுக்கடி என்றார்.
சித்திரை வரைக்கும் ஆறாத கொசுக்கடி.
காரைக்குடி டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்,
துளி சுரண்டி மதுரைக்கு அனுப்பினார்.
எட்டாம் நாள்
"பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா" என்றார்.
பஸ்ஸில் இடம் கிடைத்தது.
அந்த 'ஆனா'வை மடியில் வைத்துக்கொண்டே
ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் செக்காலை மருந்துக்கடை.
வெயிலுக்குப் பூசுவது கேட்டேன்.
பையன் என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்,
சிரிக்கும் பெண் படம் போட்ட டப்பாவை எடுத்து வைத்தான்.
"நாலு வாரத்துல வெளுத்துரும்க்கா."

தம்பி, எங்கள் வீட்டில் வெளுக்க வேண்டியது
அவர் வேட்டி ஒன்றுதான்.
இந்தக் கறுப்பு எங்களுக்கு வேணும்.
வேகாமல் இருந்தால் போதும்.

அவன் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தது
முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் என்று சீட்டு சொன்னது.
நாலு பேருக்கு எட்டு விரல்.
பதினோராம் நாள் குழாயைக் கத்தியால் வகிர்ந்து
உள்சுவரையும் வழித்துப் பூசியாயிற்று.

மீதியைத் துணியால்தான் கட்ட வேண்டும்.
களத்தில் பெண்களைப் பார்த்தேன்:
சேலைமேல் புருஷனின் முழுக்கைச் சட்டை,
தலையில் துண்டு, துண்டின் நுனி கழுத்தைச் சுற்றி.
அவர்களுக்கு யாரும் சீட்டு எழுதித் தரவில்லை.

அன்று ராத்திரி அவர் தொப்பியின் பின்புறம்
ஒரு முழம் காடாத்துணி வைத்துத் தைத்தேன்.
போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.
"கூத்துக்காரன் மாதிரி இருக்கு."
கூத்துக்காரனுக்குக் காது இரண்டும் இருக்கும்.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

தர்ஷிகாவுக்கு உச்சிவெயிலில் கோகோ பயிற்சி.
பள்ளிக்கூடம் போய் நேரம் மாற்றச் சொன்னேன்.
"பாக்கலாம்மா" என்றார் விளையாட்டு சார்.
இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.
என் பழைய ஊதாச் சட்டையின் கைகள் இரண்டையும் வெட்டி
எலாஸ்டிக் கோத்துக் கொடுத்தேன்.
வெட்கப்பட்டு, பைக்குள் திணித்துக்கொண்டு போனவள்
மறுவாரம் வந்து கேட்கிறாள்,
"இன்னும் எட்டு ஜோடி தைக்க முடியுமாம்மா? அதே கலர்ல."

சின்னவனுக்கு முகிலன் என்று பெயர்.
பெயர்தான் மேகம்;
ஒரு பொட்டு நிழல் இல்லாத இடத்தில்தான் பம்பரம் விடுவான்.
அவனுக்கு ஒரே ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
உன் நிழல் உன்னைவிடக் குட்டையானால்
உள்ளே வந்துவிடு.
அதிலிருந்து வீட்டில் ஒருவரும் நிம்மதியாய் நிற்க முடியவில்லை.
ஆட்டுக்குட்டியை அளக்கிறான். தபால்காரரை அளக்கிறான்.
கொடிக்கம்பத்தின் நிழல்மேல் படுத்துப் பார்க்கிறான்.

நேற்று லீவு.
சோற்றுத் தூக்கோடு களத்துக்குப் போயிருந்தோம்.
நெல்லுக்கு நடுவே ஓடி
அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து கத்தினான்:
"அப்பா, உன் நிழலு செருப்புக்குள்ள போயிருச்சு!"

களம் முழுக்கச் சிரித்தது.
சாத்தையா குனிந்து பார்த்தார்.
நிஜமாகவே தேடினார்.
பிறகு பலகையைச் சாய்த்துவிட்டு
பையன் கையைப் பிடித்து
கொதிகலன் கொட்டகை ஓரம் வந்து உட்கார்ந்தார்.
அவர் வந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார்.
அரைமணிக் கூலி பிடிப்பாராம்.
பிடிக்கட்டும்.
தூக்கைத் திறந்தேன்.
புளிக்குழம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.