ஏழாவது குமிழ்

சஜா தொழிற்பேட்டை, இரவு பத்தரை.
சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு
கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்திருக்கிறார் கல்ஃபான்.
விடிவதற்குள் கோர்ஃபக்கான் கடற்கரையில் நிறுத்தணும்,
என்னைவிட மூத்த இந்த பஸ்ஸை.

எழுத்துத் தேய்ந்த கறுப்புக் குமிழ்கள்.
ஒன்றை இழுத்தேன்
வறண்ட கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டது.
அடுத்தது ஹெட்லைட், அதுவும் ஒற்றைக் கண்.
ரிவர்ஸைத் துழாவ மூன்றாவது கியர் விழுந்து
குதித்து அணைந்தது வண்டி;
பின்னால் ஒரு டம்ளர் உருண்டுகொண்டே இருந்தது.

ஏழாவதுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.
இறங்கி இரண்டு தரம் சுற்றிவந்தேன்.
போய்த் தொலையட்டும்.

தைத் தாண்டி
கண்ணாடியில் பார்த்தால்
கட்டிலுக்கு மேலே சிவப்பாய் எரிகிறது
'நில்' என்று அரபியில்.
யாரோ இறங்கணுமாம்.

ஓரம் கட்டினேன்.
கதவைத் திறந்து ஐந்து எண்ணினேன்.
மணல்தான்
ஏறிற்று.