இருபதில் பதினொன்று

மூன்றாம் பக்கத்தில்
நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர்
காணாமல் போகிறார்கள் என்றது வரைபடம்.
காணாமல் போனவர்களைத் தேடி
யாரும் புகார் கொடுக்கவில்லை.
ஐந்து ரோட்டு இரைச்சல்
கண்ணாடிச் சுவரில் அதிர்ந்துகொண்டிருக்க,
"எழுத்துதானே, கடைசியில மாத்திக்கலாம்"
என்றான் பொறியாளன் இம்ரோஸ்.
கடைசி என்பது
போன வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது.

மறுநாள் முதல் பேருந்தில் மலையேறினேன்.
தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின்
படிப்பு உதவித்தொகைக்கு
இணையத்தில் நாங்கள் கட்டிய வாசல்
ஆறு பக்கம்.
வாசல் என்றுதான் நினைத்திருந்தோம்.

நாகலூர் தாண்டி ஒரு பாறை.
அதன் மேல் மட்டும் சிக்னல் நிற்கும்.
சில்வர் ஓக்கில் சாய்த்த ஏணியிலிருந்து
இறங்கி வந்த தீர்த்தமலை
மிளகுச் சாறு ஒட்டிய விரலைச்
சட்டையில் துடைத்துவிட்டுப் போனைத் தொட்டார்.
நான் உதவக் கூடாது.
பக்கத்தில் உட்கார்ந்து
சும்மா இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

'மனுதாரரின் பாதுகாவலர் பெயர்' என்ற கட்டத்தில்
எஸ்டேட் வாட்ச்மேன் பெயரை
எழுத்து எழுத்தாகத் தட்டினார்.
நான் சிரிக்கவில்லை.
அந்தச் சொல்லைப் போட்டது நான்.

'தங்கள் அமர்வு காலாவதியானது' என்றது திரை.
"உக்காந்துதானே இருக்கேன்" என்றார்,
பாறையைத் தட்டிக் காட்டி.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி வாட்ச்மேன்.
பிறகு அந்தப் பொத்தான்:
சமர்ப்பி.
கட்டைவிரல் அதன் மேல் வந்து நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
"இது சாமிக்குச் செய்யறதுங்களே.
குடுத்துட்டா அப்புறம்
தப்புன்னாலும் திருப்பிக் கேக்க முடியாதில்ல?"
போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
அறுபத்து நான்கில் ஒருவர்
என் கண்ணெதிரே காணாமல் போனார்.

இறங்குகையில் ஜன்னலோர இருக்கை.
கொண்டை ஊசி வளைவுதோறும் ஒரு பலகை.
இருபதில் பன்னிரண்டு.
இருபதில் பதினொன்று.
பின்சீட்டில் ஒரு பையன்
வாந்தியை விழுங்கிக்கொண்டு எண்ணினான்:
"இன்னும் பத்துதாம்மா."
மலையைச் சுருக்க முடியாத எவனோ
மிச்சத்தையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றிரவு வெட்டத் தொடங்கினேன்.
'மேற்குறிப்பிட்ட' போயிற்று.
எது உரியது என்று ஒருநாளும் சொல்லாத
'உரிய' போயிற்று.
'தங்களின் மேலான' செருப்பை மாட்டிக்கொண்டு
தானாகவே கிளம்பியது.
பாதுகாவலர் நின்ற இடத்தில்
'பிள்ளையை வளர்ப்பவர் பெயர்'.
சமர்ப்பிக்குப் பதில் 'அனுப்பு'.
அதன் கீழே, சின்னதாக:
'அனுப்பிய பிறகும் ஏழு நாள் திருத்தலாம்.'
இந்த ஒரு வரிக்காக
இம்ரோஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை,
நான்காம் நாள் செய்துகொடுத்தான்.
ஆறு பக்கம் நான்கானது.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பலகை:
நான்கில் ஒன்று. நான்கில் இரண்டு.

மிச்சம் ஒரு கேள்விதான்.
பாறையிலிருந்து எழும்போது
தீர்த்தமலை கேட்டது:
"பணம் எப்பங்க வரும்?"

பழைய பக்கத்தில் பதில் இருந்தது.
'பரிசீலனைக்குப் பின் உரிய காலத்தில் வழங்கப்படும்.'
எளிமையாக்கலாம் என்று
சொல் சொல்லாகக் கழற்றினேன்.
உள்ளே தேதி இல்லை.
மின்னஞ்சல் போட்டேன், போனில் கேட்டேன்,
நேரில் போய் இரண்டு மாடி ஏறி இறங்கினேன்.
ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்,
அவர் விடுப்பில் இருந்தார்.

இரவு ஒரு மணிக்குத் தட்டினேன்:
'பணம் எப்போது வரும் என்று எங்களுக்கும் தெரியாது.'
இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே
தெளிவான வரி.

காலையில் அது
சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
மொழி சரியில்லை.